ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி

தலைப்பைப் பார்த்து ஏதோ ஆன்மிகக் கட்டுரைன்னு நினைச்சு வந்திருந்தா மன்னிச்சிடுங்க. இது நிஜமாவே பேனைப் பற்றிய கட்டுரை. தலைப்பேன். இந்த வரியைப் படிக்கும்போதே உங்க கை தானா தலைக்குப் போயிருக்கும். எழுதும்போது எனக்கும் மூணு தடவை போச்சு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்கேஜியிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். பரீட்சை முடிஞ்சதும் மூடி வச்ச பாடம். அதனால ஆசிரியர் குழு திருத்தியது போக மிச்சமிருக்கிற பிழை எல்லாம் என்னோடது.

போன இதழ்ல முதல் இன்டர்ன்ஷிப், முதல் சம்பளம், முதல் ஹேக்கத்தான்னு எல்லாரும் எழுதியிருந்தாங்க. படிக்க நல்லா இருந்தது. என்கிட்ட அப்படிப் பெருமையா சொல்ல ஒண்ணும் இல்லை. என்கிட்ட இருக்கிறது, என் தங்கச்சியோட இடது கண்ணை நான் கிட்டத்தட்ட கெடுத்த கதை. அதைத்தான் எழுதறேன். உங்க வீட்லயும் ஒரு தங்கச்சியோ அக்கா பொண்ணோ இருப்பாங்க.

எங்க ஊர் கூரம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு கிடைச்ச ஊரும் இதுதான். ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு. சின்ன வயசுல இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆயா வீட்டுத் திண்ணையில ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரிசையா உட்கார்ந்து பேன் பார்க்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச கூரம். அம்மாவுக்குப் பின்னாடி ஆயா, அம்மாவுக்கு முன்னாடி நான், எனக்கு முன்னாடி தங்கச்சி. ரயில் மாதிரி. ஊர்க்கதை எல்லாம் அந்த ரயில்லதான் போகும். பேன் பார்க்கிறதுல ஒரு சுகமும் இருக்கு. அதை நான் இப்பவும் மறுக்க மாட்டேன்.

போன டிசம்பர்ல ஏழாவது செமஸ்டர் முடிஞ்சு ஊருக்குப் போனேன். தங்கச்சி எட்டாவது படிக்கிறா. வயசு 13. இடுப்பு வரைக்கும் அடர்த்தியான முடி. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற பொண்ணு, அன்னைக்கு ரெண்டடி தள்ளியே நின்னா. "கிட்ட வராதக்கா, உனக்கும் ஏறிடும்"னு சொன்னா.

கதை என்னன்னா, தீபாவளியிலிருந்து அவளுக்குப் பேன் போகவே இல்லை. மெடிக்கல்ல வாங்கின பெர்மெத்ரின் லோஷன் மூணு பாட்டில் காலி. வகுப்புல பக்கத்துல உட்கார்ந்த பொண்ணு இடம் மாறிட்டா. டீச்சர் ஒருத்தங்க எல்லார் முன்னாடியும் அவளை மட்டும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி, "முடியை வெட்டிட்டு வா, இல்லைன்னா சுத்தமா இருக்கக் கத்துக்கோ"ன்னு சொல்லியிருக்காங்க. அம்மா தினமும் அவ தலைக்குக் குளிப்பாட்டினாங்க. சுத்தத்துக்கும் பேனுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அப்போ எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

எனக்கு வந்த கோபத்துக்கு, "ஒரே நாள்ல இதை முடிச்சுக் காட்டறேன்"னு இறங்கினேன். போன்ல தேடினேன். ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு வந்தது: சீத்தாப்பழக் கொட்டையை அரைச்சு எண்ணெயில குழைச்சுத் தலையில தேச்சா ஒரு பேன் மிஞ்சாது, நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவே கிடையாது. ஆயாகிட்ட ஒரு டப்பா நிறைய காய்ஞ்ச கொட்டை இருந்தது. ஆயாவுக்கும் இந்த வைத்தியம் தெரியும். ஆனா அவங்க சொன்னது இது: "அத்த எல்லாம் எடுக்காதடி. கண்ணுல பட்டா அவ்ளோதான். நாங்க ஒருத்தி தலைய நல்லா பின்னால சாய்ச்சிக்கினு, கண்ண துணியால கட்டிக்கினு போடுவோம். அதுவே பயந்துக்கினுதான்."

நான் கேட்டேனா? நான் இன்ஜினியரிங் ஃபைனல் இயர். மிக்ஸியில அரைச்சேன். தேங்காய் எண்ணெயில குழைச்சேன். தலை முழுக்கத் தேச்சு, ஒரு மணி நேரம் ஊற வச்சு, தலையைக் குனிய வச்சுத் தண்ணி ஊத்தினேன். குனிஞ்ச தலையிலிருந்து தண்ணி எங்கே வரும்னு கணக்குப் போட எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தேவையில்லை. ஆனா நான் யோசிக்கலை.

"எரியுதுக்கா"ன்னு கத்தினா. ரெண்டு கை தண்ணியை முகத்துல அடிச்சுவிட்டு, "ஷாம்பூ எரியற மாதிரிதான், கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னு சொன்னேன்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கலை.

ராத்திரி 10 மணிக்கு அவளால இடது கண்ணைத் திறக்க முடியலை. வீங்கி, சிவந்து, தண்ணியா கொட்டுது. லைட்டைப் போட்டா அலறினா. விடிய விடிய அவளுக்கும் தூக்கம் இல்லை, எங்களுக்கும் இல்லை. காலையில முதல் வேலையா காஞ்சிபுரம் கண் மருத்துவமனைக்குக் கூட்டிட்டு ஓடினோம். டாக்டர் கண்ணுல ஒரு சாயத்தை விட்டு நீல வெளிச்சத்துல பார்த்தாங்க. என்னையும் பார்க்கச் சொன்னாங்க. கருவிழி மேல ஒரு இடம் பச்சையா மின்னுச்சு. மேல் தோல் உரிஞ்ச இடத்துலதான் அந்தச் சாயம் ஒட்டுமாம். கருவிழியில கிட்டத்தட்ட பாதி பச்சை.

"சீத்தாப்பழக் கொட்டையா?"ன்னு அவங்களே கேட்டாங்க. நான் சொல்றதுக்கு முன்னாடியே. பேனுக்குப் போட்ட சீத்தாப்பழ விதைப்பொடியால கருவிழி புண்ணான கேஸ்களை இந்தியக் கண் மருத்துவர்கள் ஆய்விதழ்கள்ல எழுதியிருக்காங்கன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த விதையில பூச்சியைக் கொல்ற நச்சு நிஜமாவே இருக்கு. அதனாலதான் பேன் சாகுது. அதே நச்சு கருவிழியையும் அரிக்குது. 'இயற்கை'ங்கிற வார்த்தைக்குக் கண்ணைத் தெரியாது.

டாக்டர் என்னைத் திட்டலை. ஒண்ணு மட்டும் சொன்னாங்க: "கண்ணுல எது பட்டாலும் உடனே, ஒரு கால் மணி நேரம், ஓடுற சுத்தமான தண்ணியில விடாம கழுவணும். ரெண்டு கை தண்ணி பத்தாது." களிம்பும் சொட்டு மருந்தும் கொடுத்தாங்க. மறுபடி காட்டச் சொல்லி நாள் குறிச்சாங்க. அது ஆறுற வரைக்கும் தலையில எந்த லோஷனும் போடக்கூடாதுன்னும் சொல்லிட்டாங்க.

அன்னைக்குச் சாயந்திரம் சொட்டு மருந்து விடும்போது ஆயா பக்கத்துல உட்கார்ந்து முணுமுணுத்தாங்க, "இது கண்ணு குடுத்தவரு ஊருடி." ராமானுஜருக்குப் பதிலா சோழ அரசவைக்குப் போய்க் கண்ணை இழந்தவர் கூரத்தாழ்வான்னு குருபரம்பரைக் கதை சொல்லும். பின்னாடி காஞ்சி வரதரைப் பாடினார்னும் சொல்வாங்க. ஆயா என்னைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. வேண்டிக்கிட்டாங்க. ஆனா எனக்குக் குத்துச்சு.

அடுத்த பத்து நாள் எனக்கு ஒரே வேலை. நிறைய கண்டிஷனர் தடவி, முடியை ஈரமா வச்சுக்கிட்டே, மெல்லிய பல் உள்ள ஸ்டீல் பேன் சீப்பால வகிடு வகிடா பிரிச்சு, தோலிலிருந்து நுனி வரைக்கும் வாரணும். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில துடைச்சுப் பார்க்கணும். அவ முடிக்கு ஒரு தடவைக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. ஈரமா இருக்கும்போது பேனால வேகமா ஓட முடியாது. அதுதான் இதுல இருக்கிற சூட்சுமம். மருந்தே இல்லாத வைத்தியம். பொறுமை மட்டும் வேணும்.

மூணாவது நாள் அப்படி வாரிக்கிட்டு இருக்கும்போது அவ கேட்டா: "அக்கா, நான் அழுக்கா?"

நீங்களா இருந்தா என்ன பதில் சொல்லியிருப்பீங்க? எனக்குத் தெரியலை. அதனாலதான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதை ராத்திரி ராத்திரி அவளுக்குச் சொன்னேன். இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

தலைப்பேன் ஒரு எள்ளு அளவுதான், 2 முதல் 3 மில்லிமீட்டர். அதுக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. தலையும் தலையும் தொட்டாதான் பெரும்பாலும் பரவும். சேர்ந்து படுக்கும்போது, தோள்ல சாய்ஞ்சு செல்ஃபி எடுக்கும்போது, ஒரே போன்ல ரெண்டு பேர் தலையை ஒட்டிக்கிட்டுப் படம் பார்க்கும்போது. அழுக்குத் தலை, சுத்தமான தலைன்னு அது பார்க்கிறதில்லை. ரத்தம் இருந்தா போதும். தலையை விட்டு விழுந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும். இன்னொரு விஷயம், தலைப்பேன் நோய் எதையும் பரப்பாது. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புறது அதோட உறவான உடல்பேன். அதைக் கண்டுபிடிச்ச சார்ல் நிகோலுக்கு 1928ல் நோபல் பரிசு கிடைச்சது. தலைப்பேனால அரிப்பு வரும், சொறிஞ்சா புண் வரும், தூக்கம் கெடும். மத்தபடி அது கொண்டு வர்ற பெரிய வியாதி வெட்கம்தான்.

இது புதுசும் இல்லை. இஸ்ரேல்ல லாகிஷ்ங்கிற பழைய நகரத்துல யானைத் தந்தத்துல செஞ்ச ஒரு சீப்பு கிடைச்சது. வயசு ஏறத்தாழ 3,700 வருஷம். அதுல கீறியிருந்த எழுத்துகளை 2022ல் படிச்சுச் சொன்னாங்க: தலையிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும்னு ஒரு வேண்டுதல். கானானிய எழுத்துல கிடைச்ச மிகப் பழைய முழு வாக்கியம் அதுதானாம். எங்க ஊர்ச் செப்பேட்டுல மன்னனும் தானமும். அங்கே பேன். தங்கச்சி அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சா.

கண் ஆறினதும் தோல் டாக்டர்கிட்ட போனோம். போகும்போது என் மனசுல ஒரே கேள்வி: மூணு பாட்டில் போட்டும் ஏன் போகலை? அவங்க மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. முதல்ல, "எப்படிப் போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலா மடக்கினாங்க.

எண்ணெய்த் தலையிலேயே போட்டோம். தப்பு. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனைப் போடுறதுக்கு முன்னாடி கண்டிஷனர் இல்லாத ஷாம்பூ போட்டு அலசி, துண்டால ஈரத்தை ஒத்தி எடுக்கணும். எண்ணெயும் கண்டிஷனரும் மருந்தை ஒட்ட விடாது.

ராத்திரி முழுக்கத் துணி கட்டி ஊற வச்சோம். தப்பு. 10 நிமிஷம்தான். அதிக நேரம் வச்சா பேன் அதிகமா சாகாது. தோல்தான் எரியும்.

இடுப்பளவு முடிக்கு அரை பாட்டில். தப்பு. தோலிலிருந்து நுனி வரைக்கும் நனையணும். நீள முடிக்கு ரெண்டு பாட்டில்கூட ஆகலாம்.

போட்ட மறுநாளே பேன் ஊருதுன்னு மறுபடி போட்டோம். தப்பு. 8 முதல் 12 மணி நேரம் கழிச்சுப் பார்க்கும்போது பேன் தள்ளாடிக்கிட்டு மெதுவா நகர்ந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். சீப்பால வாரி எடுத்தா போதும். பழைய வேகத்துலயே ஓடினாதான் டாக்டரைப் பார்க்கணும்.

ஒன்பதாம் நாள் ரெண்டாவது தடவை போடலை. இதுதான் பெரிய தப்பு. பெர்மெத்ரின் பேனைக் கொல்லும், முட்டையை முழுசா கொல்லாது. ஈர் பொரிக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். பொரிச்ச குஞ்சு வளர்ந்து முட்டை போட இன்னும் ஒரு வாரத்துக்கு மேல ஆகும். அந்த இடைவெளியில, குஞ்சு வந்தாச்சு ஆனா புது முட்டை போடலைங்கிற நேரத்துல, ரெண்டாவது அடி விழணும். சிக்னல் டைமிங் தப்பினா சர்க்யூட் வேலை செய்யாதுன்னு நாலு வருஷமா படிக்கிறேன். இதுவும் டைமிங்தான்.

கடைசி விரல்: தங்கச்சிக்கு மட்டும் போட்டோம். அவ தினமும் ஆயாவை ஒட்டிக்கிட்டுத் தூங்குறா. ஆயா தலையை யாரும் பார்க்கவே இல்லை. பார்த்தா, ஆயா, அம்மா, பத்து நாளா சீப்பைப் பிடிச்ச நான், மூணு பேருக்கும் இருக்கு. அப்பா மட்டும் தப்பிச்சார். வழுக்கை.

"அப்போ மருந்து மேல தப்பே இல்லையா டாக்டர்?"ன்னு கேட்டேன். இருக்கலாம்னாங்க. பேனோட நரம்புல சோடியம் போறதுக்கு ஒரு கதவு இருக்கு. நரம்பு ஒரு தடவை துடிக்க அது திறந்து மூடணும். பெர்மெத்ரின் அந்தக் கதவை மூட விடாது. நரம்பு விடாம துடிச்சுத் துடிச்சு பேன் செயலிழந்துடும். ஆனா பல நாடுகள்ல பேன்களுக்கு அந்தக் கதவோட வடிவமே ஜீன் மாற்றத்தால மாறிடுச்சு. மருந்து போய் ஒட்ட இடமில்லை. சாவி அதேதான், பூட்டை மாத்திட்டாங்க. "சரியாப் போட்டும் போகலைன்னா மருந்தை மாத்தணும். தப்பாப் போட்டுப் போகலைன்னா முறையை மாத்தணும். உங்களுக்கு ரெண்டுமே மாத்தலாம்"னு சொல்லி, ஐவர்மெக்டின் 0.5 சதவீத லோஷன் எழுதினாங்க.

இந்த ஐவர்மெக்டின் கதை தெரியுமா? ஜப்பான்ல ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா எடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்த மருந்து. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015ல் நோபல். இது வேற கதவுல வேலை செய்யுது. பேன் மாதிரி முதுகெலும்பில்லாத உயிர்களோட நரம்புல இருக்கிற ஒரு வகை குளோரைடு கதவைத் திறந்தே வச்சுடும். நரம்பு அடங்கிப் போயிடும். அந்த வகைக் கதவு மனுஷங்களுக்குக் கிடையாது.

அப்புறம்தான் அவங்க கேள்விகளை ஆரம்பிச்சாங்க. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் இருக்கா? ஓலையில பேர் எழுத 35 வயசுக்கு மேல இருக்கணும், 70க்குள்ள இருக்கணும்னு யார் தகுதி, யார் தகுதி இல்லைன்னு வரிசையா போடுவாங்களே. மருந்துச் சீட்டுக்குப் பின்னாடியும் அப்படி ஒரு கல்வெட்டு இருக்கு. கடைக்காரர்கிட்ட நேரா வாங்கும்போது அதை யாரும் படிக்கிறதில்லை. வயசு என்ன, எடை என்ன? தலையில புண், சீழ் இருக்கா? வீட்ல கர்ப்பமா, பால் கொடுக்கிறவங்க யாராவது? கைக்குழந்தை இருக்கா? முன்னாடி எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்திருக்கா? எங்க சித்திக்கு அப்போ ஐந்தாவது மாசம். அவங்களுக்கு மருந்து வேண்டாம், சீப்பு மட்டும்னாங்க. ஐவர்மெக்டின் லோஷன் 6 மாசத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கூடாது. பெர்மெத்ரின் 2 மாசத்துக்குக் கீழே கூடாது. மாலத்தியான் லோஷன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆல்கஹால் அதிகம், தீப்பிடிக்கும். போட்டுக்கிட்டு அடுப்பு, ஹேர் டிரையர், சிகரெட் பக்கம் போகவே கூடாது.

ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. வழக்கமான மருந்துக்கு அடங்காத பேனுக்கு மாத்திரையையும் மாலத்தியான் லோஷனையும் 812 பேர்கிட்ட ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2010ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. 15ம் நாள் மாத்திரைக்காரங்க 95 சதவீதம், லோஷன்காரங்க 85 சதவீதம் பேன் இல்லாம இருந்தாங்க. இதைப் படிச்சுட்டு உடனே மெடிக்கலுக்கு ஓடாதீங்க. எடை பார்த்து அளவு போடுற மாத்திரை அது. 15 கிலோவுக்குக் கீழே கொடுக்கிறதில்லை. கிராமத்துப் பசங்களுக்கு இன்னொண்ணு: தொழுவத்துல மாட்டுக்கு வாங்கி வச்ச ஐவர்மெக்டின் மனுஷங்களுக்கு இல்லை. பேர் ஒண்ணு, அளவு வேற, சேர்மானம் வேற.

வீட்டுக்கு வந்து நாங்க செஞ்சது இதுதான். முடியும் தலையும் நல்லா காய்ஞ்சிருக்கணும் (பெர்மெத்ரினுக்கு ஈரம், இதுக்குக் காய்ஞ்ச தலை, குழப்பிக்காதீங்க). தங்கச்சி கண்ணை மூடி, மேல மடிச்ச துண்டை அவளே அழுத்திப் பிடிச்சுக்கிட்டா. தலையை இந்தத் தடவை பின்னால சாய்ச்சோம். ஆயா சொன்ன மாதிரியே. தோல்ல ஆரம்பிச்சு நுனி வரைக்கும் தடவி, போன்ல 10 நிமிஷம் அலாரம் வச்சு, தண்ணியில அலசினோம். குளியலறையில நின்னு உடம்பெல்லாம் வழிய விடாம, தலையை மட்டும் வாளிக்கு மேல வச்சு அலசணும். கையை சோப்புப் போட்டுக் கழுவணும். ஒரு நாளைக்கு ஷாம்பூ கிடையாது. மருந்து வேண்டியிருந்த எல்லாருக்கும் அன்னைக்கே போட்டாச்சு. இந்த லோஷனைச் சொல்லாம ரெண்டாவது தடவை போடாதீங்க, ஒரு வாரம் கழிச்சுத் தலையைக் கொண்டு வந்து காட்டுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. சீப்பால வார்றதை மட்டும் விடலை.

தலையணை உறை, துண்டு, போர்வை எல்லாம் சூடான தண்ணியில அலசி வெயில்ல போட்டோம். சீப்புகளை வெந்நீர்ல 10 நிமிஷம் ஊற வச்சோம். துவைக்க முடியாததை ரெண்டு வாரம் பையில கட்டி வச்சா போதும். வீடு முழுக்கப் பூச்சி மருந்து அடிக்கத் தேவையே இல்லை. தலையை விட்ட பேன் எப்படியும் பிழைக்காது.

அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஆயா பெட்டியில பேர் பாதி அழிஞ்ச ஒரு பழைய பாட்டில் கிடைச்சது. காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு. இன்னொரு பேர் லிண்டேன். பயிருக்கு அடிக்கிற லிண்டேனை இந்தியாவுல 2013லிருந்து பயன்படுத்தவே கூடாது. பேன் மருந்தா போட்டாலும் நரம்பைத் தாக்கி வலிப்பு வர வைக்கலாம்னு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவுல கலிஃபோர்னியா 2002லேயே அதை மருந்தா விக்கத் தடை போட்டது. உங்க வீட்டு அலமாரியிலயும் ஒண்ணு இருக்கலாம். பாருங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல், வயலுக்கு அடிக்கிற மருந்து, குழந்தைத் தலையில கற்பூரம் கரைச்ச எண்ணெய், இதெல்லாமும் அந்தப் பட்டியல்தான். மண்ணெண்ணெய்த் தலையோட அடுப்புப் பக்கம் போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கற்பூரம் உடம்புல ஏறினா சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும்.

ஒரு வாரம் கழிச்சுக் காட்டினோம். நாலு தலையிலயும் உயிருள்ள பேன் இல்லை. ஈர் இருந்தது. ஆனா தோலிலிருந்து கால் அங்குலத்துக்கு மேல தள்ளி இருக்கிற ஈர் பெரும்பாலும் வெறும் ஓடு. அதைப் பார்த்துட்டு மறுபடி மருந்து போடக்கூடாதாம். பழமொழி சரியாத்தான் சொல்லுது. ஓட்டைப் பார்த்து ஈர்னு பயந்து, ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கினா, அந்தப் பெருமாளுக்கு அபிஷேகம் பண்ணப் போய்க் கண்ணு போகும். எங்க வீட்ல கிட்டத்தட்ட போச்சு.

கண் டாக்டர் கடைசியா எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாங்க. வலது கண்ணை மூடிக்கிட்டு இடது கண்ணால, கடைசி வரி வரைக்கும் படிச்சா. கருவிழியில தழும்பு இல்லைன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நான்தான் அழுதேன். அவ, "அக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க"ன்னா.

பொங்கல் லீவு முடிஞ்சு அம்மா அவளோட பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. சண்டை போடலை. ஒரு தாள்ல, பேனுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஒரு பொண்ணுக்கு இருந்தா பக்கத்துல இருக்கிற எல்லாரையும் பார்க்கணும், தனியா உட்கார வைக்கிறதால ஒரு பயனும் இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்ததைக் கொடுத்துட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் வகுப்புல எல்லார் தலையையும் பார்த்ததுல இன்னும் பல பேருக்கு இருந்ததாம். இடம் மாறிப் போன பொண்ணுக்கும்தான். இப்போ ரெண்டு பேரும் மறுபடி ஒரே பெஞ்ச்.

நான் ஹாஸ்டலுக்குத் திரும்பி ரெண்டு வாரம் இருக்கும். ரூம்மேட் ஒருத்தி படிக்கும்போது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சுக்கிட்டே இருந்தா. அடுத்த நாள் அவளுக்கு கம்பெனி இன்டர்வியூ. முன்னாடின்னா நான் என் தலையணையைத் தள்ளிப் போட்டுட்டுப் பேசாம இருந்திருப்பேன். அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு, "என் தங்கச்சிக்கும் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு. பார்க்கட்டுமா?"ன்னு கேட்டேன். அவ முகம் முதல்ல சுருங்கிச்சு. அப்புறம் வந்து என் முன்னாடி உட்கார்ந்தா. மத்த ரெண்டு ரூம்மேட்டும் பின்னாடி வந்து உட்கார்ந்தாங்க. மறுபடி ரயில்.

இன்னைக்கு ராத்திரி உங்க ரூம்லயும் ஒரு தடவை பார்த்துடுங்க. நாலு பேரும் சேர்ந்து பாருங்க. காதுக்குப் பின்னாடியும் பிடரியிலும், நல்ல வெளிச்சத்துல. யாருக்காவது இருந்தா, 'பை ஜிப் திறந்திருக்கு'ன்னு சொல்ற மாதிரி மெதுவா சொல்லுங்க. பாட்டில் அட்டையில இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க. ஒருமுறை சரியாப் போட்டும் போகலைன்னா டாக்டர்கிட்ட போங்க. வீடியோவைப் பார்த்து மிக்ஸியைத் தேடாதீங்க.

"நான் அழுக்கா?"ன்னு யாராவது உங்ககிட்ட கேட்டா, இல்லைன்னு உடனே சொல்லுங்க. எனக்கு மூணு நாள் ஆச்சு.